ஆபீஸ் மெயில் யார் பையில் இருக்கிறது?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஊழியர்கள் வெளியிலிருந்து ஆபீஸ் மெயிலைப் பார்க்க எதை வாங்குவது? மிக்ஸி, ஏசி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் மெர்ச்சண்டைசரின் லேப்டாப் மழையில் நனைந்து செத்துவிட்டது. ஆறு வருட மெயிலும் போச்சு என்கிறார். மெயில் இன்டர்நெட்டில்தானே இருக்கும்? (திருப்பூர்)

பதில்: இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு மெயில் போட்டுக் கொடுத்தவர் ‘பாப்’ முறையில் போட்டிருக்கிறார், அதனால்தான் இல்லை.

இந்தப் பாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. 1984-ல் வந்த சங்கதி அது. போன் லைனில் டயல் செய்து, நிமிடத்துக்குக் காசு கொடுத்து இணைப்பு வாங்கிய காலத்துக்கு அது சரி. மெயிலை மொத்தமாகக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு லைனை வைத்துவிடலாம். இறக்கிய மெயிலை உடனேயோ சில நாள் கழித்தோ சர்வரிலிருந்து (மெயில் வந்து சேரும் கம்பெனிக் கம்ப்யூட்டரிலிருந்து) அழித்துவிடுவதுதான் அதன் வழக்கம். ‘சர்வரில் ஒரு நகல் இருக்கட்டும்’ என்று டிக் போட்டாலும் வந்த மெயில்தான் மிஞ்சும். நீங்கள் அனுப்பிய மெயில் அந்த லேப்டாப்போடு சரி. பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) என்ன விலை சொன்னீர்கள், எந்தத் தேதிக்கு ஷிப்மென்ட் என்று ஒத்துக்கொண்டீர்கள், எல்லாம் அதில்தான்.

இதற்கு மாற்றான ‘ஐமேப்’ வந்தது 1986-ல். மெயில் சர்வரிலேயே இருக்கும். போன், லேப்டாப், வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் அதைப் பார்க்கும் ஜன்னல்கள். ஒரு ஜன்னல் உடைந்தால் வீடு இடிந்துவிடாது. அப்படியும் இத்தனை வருடம் கழித்து ஏன் பாப் போட்டுக் கொடுக்கிறார்கள்? அவர்கள் விற்கிற மலிவு ஹோஸ்டிங்கில் (வாடகைக்கு விடும் சர்வர் இடத்தில்) ஆளுக்கு ஒரு ஜிபிகூட இருக்காது. நிரம்பினால் நீங்கள் போன் செய்வீர்கள். பாப் போட்டுவிட்டால் சர்வர் காலியாகவே இருக்கும், போனும் வராது. அவருடைய வசதிக்காக உங்கள் ஆறு வருடக் கணக்கு ஒரு லேப்டாப் பையில் ஊர் சுற்றியிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: அந்த லேப்டாப்பை ஆன் செய்து பார்க்காதீர்கள். டேட்டா மீட்கும் கடையில் கொடுத்து, எந்தெந்த ஃபைல் கிடைக்கிறது என்ற பட்டியலைப் பார்த்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். முக்கியமான ஆர்டர்களின் மெயிலைப் பையரிடமே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மற்ற ஊழியர்களை இந்த வாரமே ஐமேப்புக்கு மாற்றுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஐமேப்பில் போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். பேக்கப் தனியாக வேண்டும்.

கேள்வி: ஒன்பது பேர் கொண்ட ஆபீஸ். மெயில் கூகுள் ஒர்க்ஸ்பேஸில் இருக்கிறது. வீட்டிலிருந்து பார்க்க ஃபயர்வாலும் (வெளியாட்களைத் தடுக்கும் பெட்டி) விபிஎன்னும் கட்டாயம் என்று 1.8 லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா? (கோவை)

பதில்: மெயிலுக்காக என்றால் வேண்டாம். விபிஎன் என்பது உங்கள் ஆபீசுக்குள் இருக்கிற பொருளை வெளியிலிருந்து தொடுவதற்கான பாதை. டேலி சர்வரோ, ஃபைல் சர்வரோ உங்கள் அலமாரிக்குள் ஓடினால் அது தேவை. மெயில் கூகுளிடம் இருக்கும்போது, ஊழியரை வீட்டிலிருந்து உங்கள் ஆபீஸ் பிராட்பேண்டுக்கு வரவழைத்து, அங்கிருந்து மறுபடி கூகுளுக்கு அனுப்புவது, மதுரையிலிருந்து திருச்சிக்குக் கோவை வழியாக பஸ் ஏறுவது மாதிரி.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இதே கதையைக் கேட்டு, நாலு பேர் இருந்த என் ஆபீசுக்கு இப்படி ஒரு ஃபயர்வால் பெட்டி வாங்கினேன். லைசென்ஸ் புதுப்பிக்க இரண்டாம் வருடம் கேட்ட பணத்தைப் பார்த்துக் கழற்றி வைத்தேன். இப்போது பரணில் கொலு பொம்மைப் பெட்டிக்குக் கீழே முட்டுக்கொடுத்து நிற்கிறது.

ஒன்பது பேருக்கும், பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியைவிட, குறியீட்டைப் போனிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் நல்லது. தனிச் செலவு கிடையாது.

கேள்வி: பிரவுசிங் சென்டரில் ஆபீஸ் மெயில் பார்க்கலாமா? (தஞ்சாவூர்)

பதில்: பார்க்கலாம். பாஸ்வேர்டை அங்கேயே விட்டுவிட்டும் வரலாம்.

கேள்வி: விற்பனை மெயிலுக்கு ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் பயன்படுத்துகிறோம். ஒருவர் விலகிப் போட்டிக் கம்பெனியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவர் இன்னும் படிக்கிறாரா என்று கண்டுபிடிக்க ஏதாவது சாஃப்ட்வேர் உண்டா? (சிவகாசி)

பதில்: நாலு மாதமா! சாஃப்ட்வேர் தேடுவதை விடுங்கள். பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். ஆளுக்கொரு கணக்கு, விற்பனைக்குப் பொது அஞ்சல்பெட்டி என்று வையுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 மெயில் சேவையில் 50 ஜிபி வரை பொதுப்பெட்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். லைசென்ஸ் காசை மிச்சம் பிடித்து விலைப்பட்டியலை எதிர்க்கடைக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: வெப்சைட் செய்தவர் எங்கள் டொமைனை (வெப்சைட், மெயில் முகவரியில் வரும் பெயரை) தன் பெயரில் பதிந்திருக்கிறார். மெயிலை வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டால் 45,000 ரூபாய் கொடுத்தால்தான் விடுவேன் என்கிறார். நானும் மனைவியும் மட்டும் நடத்தும் சிறு தொழில். (மதுரை)

பதில்: இதில் உங்கள் மேல் தவறில்லை. காசு கொடுத்துப் பதியச் சொன்னீர்கள். அவர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

அவரோடு சண்டையைத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. எல்லா மெயிலையும் ஐமேப் வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்கு நகல் எடுங்கள். டொமைன் அவர் கையில் இருக்கிறவரை உங்களுக்கு வரும் மெயிலை அவர் வேறு பக்கம் திருப்பிவிட முடியும். முக்கியமான வாடிக்கையாளர்களுக்கு மாற்று முகவரி ஒன்றையும் போனில் சொல்லி வையுங்கள்.

பிறகு அவருடைய பில், நீங்கள் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து, டொமைனை மாற்றித்தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் வக்கீல் நோட்டீஸ் வரும் கட்டத்தில் இறங்கிவந்துவிடுவார்கள். டாட் இன் பெயர் என்றால், அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தகராறுத் தீர்வு முறை இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு, அவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்கிறார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையம்? வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் இல்லை. சுயதொழிலாக, பிழைப்புக்காகவே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. நீங்கள் இருவர் மட்டும் என்பதால் அந்த விலக்கில் வர வாய்ப்பிருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிடுங்கள். முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், மறக்காமல்.

கேள்வி: ஆபீஸ் மெயிலுக்காக என் சொந்த போனில் ஒரு ஆப் போடச் சொல்கிறார்கள். ‘எல்லாத் தகவலையும் அழிக்கலாம்’ என்று அனுமதி கேட்கிறது. ஓகே கொடுக்கவா? (சென்னை)

பதில்: கொடுக்காதீர்கள். அந்த அனுமதி இருந்தால் போன் தொலைந்ததாக நினைத்து அவர்கள் அழிக்கும்போது உங்கள் குழந்தையின் படங்களும் போகும். ஆண்ட்ராய்டில் ‘ஒர்க் புரொஃபைல்’ என்று தனி அறை உண்டு. ஆபீஸ் ஆப்களில் சின்ன பிரீஃப்கேஸ் படம் தெரியும். அழித்தால் அந்த அறை மட்டும்தான் போகும். அதைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிரவுசரில் பார்க்கிறேன் என்று எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: 4,999 ரூபாய்க்கு ஆயுட்கால மெயில் ஹோஸ்டிங். நம்பலாமா? (திருநெல்வேலி)

பதில்: நானும் ஒன்று வாங்கினேன். ஆயுள் 19 மாதம். யாருடைய ஆயுள் என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் 365 மெயிலை அவுட்லுக் 2010 என்ற பழைய மெயில் சாஃப்ட்வேரில் பார்க்கிறோம். திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது. கம்ப்யூட்டர் கோளாறு என்று புது லேப்டாப் வாங்கி, அதே அவுட்லுக்கைப் போட்டோம். அதிலும் கேட்கிறது! (தூத்துக்குடி)

பதில்: கேட்கத்தான் செய்யும். வெறும் பாஸ்வேர்டோடு உள்ளே விடும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் தொடங்கி நிறுத்திவிட்டது. புது முறை அவுட்லுக் 2010-க்குத் தெரியாது. பிரவுசரில் திறந்தால் பழைய லேப்டாப்பிலேயே மெயில் வந்திருக்கும். புதியதைக் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். லேப்டாப்பில் கோளாறு இல்லையே.