கியோட்டோவில் எந்த ரியோகான்? கேள்வியும் பதிலும்

ஒன்பது வருடம் கியோட்டோவில் குப்பை கொட்டியவன் என்பதால், ஊருக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரியோகான் என்பது தாதாமி பாய் விரித்த அறையும் சாப்பாடும் குளியலும் சேர்ந்த பழைய பாணி விடுதி.

அண்ணா, ஐந்து நாளும் ரியோகானிலேயே தங்கலாமா?

வேண்டாம், ஒரு ராத்திரி போதும். மற்ற நாளெல்லாம் ரயில் நிலையம் பக்கம் சாதாரண ஹோட்டல் எடுங்கள். ரியோகானில் காசு கொடுப்பதே மாலை நாலு மணிக்கு உள்ளே போய் மறுநாள் பத்துவரை சும்மா இருப்பதற்குத்தான். முதல் தடவை நான் ஃபுஷிமி இனாரி மலையேறிவிட்டு, ஏழு மணிச் சாப்பாட்டுக்கு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். பரிமாறுகிற அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. கைசெக்கி விருந்து ஒவ்வொரு தட்டாக நேரம் பார்த்து வருவது. ஊர் சுற்றாத நாளை அதற்கு வையுங்கள்.

30,000 யென் என்று போட்டிருக்கிறதே, இரண்டு பேருக்கா சார்?

பெரும்பாலும் தலைக்கு, இரவும் காலையும் சாப்பாட்டோடு. அப்படியானால் இரண்டு பேருக்கு 60,000. சில தளங்கள் அறைக்கான மொத்த விலையைக் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். நகராட்சியின் தங்கல் வரி தனி. 2026 மார்ச்சிலிருந்து அதையும் ஏற்றிவிட்டார்கள். சாப்பாடு வேண்டாம் என்றால் 'சுதோமாரி' என்று கேளுங்கள், நிறைய குறையும்.

நாங்கள் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 'மீன் வேண்டாம்' என்று எழுதினால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். சூப், வேகவைத்த முள்ளங்கி என்று எல்லாவற்றிலும் 'தாஷி' சாறு இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்கிற காய்ந்த மீன் சீவலில் இறக்கியது. யுதோஃபு பாருங்கள், டோஃபு என்கிற சோயாக்கட்டி வேகும் தண்ணீரில் கொம்பு என்கிற கடற்பாசிதான். ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் வந்துவிடும்! அதனால் அறை பதியும்போதே 'மீன் தாஷியும் கூடாது, கொம்பு, ஷியிதாக்கே காளான் தாஷி போதும்' என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள், நேர்மையாகச் சொல்கிறார்கள். சுதோமாரி எடுத்துக்கொண்டு, மதியம் அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள் இருக்கும் ஷிகெத்சு உணவகத்தில் ஷோஜின் சாப்பாடு சாப்பிடுங்கள். பௌத்தத் துறவிகளின் மரக்கறிச் சமையல் அது.

தவாராயாவா, ஹீராகியாவா? கல்யாண நாளுக்கு ஒரே ஒரு தடவை.

இரண்டு ரியோகான்களும் ஃபுயாச்சோ தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. தவாராயா முந்நூறு வருடம் தாண்டியது, பதினெட்டே அறை. ஹீராகியா 1818-இல் தொடங்கியது. எழுத்தாளர் கவாபாத்தா யாசுநாரி தங்கி எழுதிய இடம். 2006-இல் புதுக்கட்டும் சேர்த்தார்கள். பழைய மரவீடு கிறீச்சிடும், குளிரும்; அது பிடிக்காதவர்களுக்குப் புதுக்கட்டு. நானாக இருந்தால் ஹீராகியாவின் பழைய கட்டு. தவாராயாவின் அறைக்குள் இருந்து பார்க்கும் தோட்டம் அழகுதான், ஆனால் அங்கே எனக்குக் கால் நீட்டவே பயமாக இருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது.

காலில்லாத 'ஸாயிசு' நாற்காலியைக் காட்டி நாற்காலி இருக்கிறது என்பார்கள், நம்பாதீர்கள். கட்டில், மேசை உள்ள அறையா, லிஃப்ட் உண்டா, இல்லாவிட்டால் தரைத்தளம் கிடைக்குமா, இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

பொதுக் குளியல் என்றால் கூச்சமாக இருக்கிறது, அண்ணா.

சிறிய விடுதிகளில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முறைவைத்துக் குளிப்பார்கள், அப்படிப்பட்டதை எடுங்கள். வெளியிலேயே சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் மரத்தொட்டியில் இறங்குங்கள். முடித்ததும் தண்ணீரை வடித்துவிடாதீர்கள். அடுத்து வருகிறவருக்கும் அதே தண்ணீர்தான்.