ஆராய்ச்சி முடிவுகளை அதிகாரிகளுக்கும் பொதுமக்களுக்கும் புரியும்படி சொல்வது எப்படி?

டெல்லியில் காற்று மாசு பற்றி ஆய்வு செய்யும் குழுவில் வேலை பார்க்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு வழி காட்டியவர், ஆர்.கே.புரத்தில் உள்ள மலை மந்திர் முருகன் கோயிலுக்கு தினமும் வரும் ஒரு மாமா.

ஒரு மார்கழியில், கோயிலுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களிடம் எங்கள் வேலையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40 என்று விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்ட மாமா, "அதெல்லாம் சரிம்மா, காலையில அஞ்சு மணிக்கு நான் நடக்கப் போகலாமா, கூடாதா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் சற்றே சூடான காற்று, சட்டிக்கு மூடி போட்டதுபோலப் புகையைக் கீழேயே அடக்கி வைக்கும். வெயில் ஏறிய பிறகுதான் மூடி விலகும். அதனால் மதியம் நடப்பது மேல். இதை நான் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் பள்ளிகளைக் கவனிக்கும் ஓர் அதிகாரியைப் பார்க்கப் போனோம். கொண்டுபோனது ஒரே பக்கம். முதல் வரி: "நவம்பர் முதல் ஜனவரி வரை விளையாட்டு வகுப்பைக் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றலாம்." காரணமும் ஒரு வரைபடமும் அதற்குக் கீழே. அவர் கையெழுத்தில் எது நடக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தோம். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. பக்கத்து மாநிலத்தில் வைக்கோல் எரிப்பதை நிறுத்தச் சொல்லி அவரிடம் கேட்டு என்ன பயன்? நேரமும் முக்கியம். நவம்பரில் புகை மூடிய பிறகு போனால் யாருக்கும் காது கொடுக்க நேரம் இருக்காது. ஏப்ரலில் பள்ளி திறந்து கால அட்டவணை போடுவதற்குள் போய்விட வேண்டும்.

சுருக்கினால் எதையாவது இழப்போம் என்பதும் உண்மை. 2014-இல் மத்திய அரசு அறிவித்த காற்றுத் தரக் குறியீடு, எட்டு மாசுகளை ஒரே எண்ணாக, ஒரே நிறமாக ஆக்கியது. அது மக்களிடம் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம். ஆனால் குறியீடு 500-இல் நின்றுவிடும். அதைவிட மோசமான நாளும் அதே எண்ணைத்தான் காட்டும். அதனால் விட்டதை நாமே சொல்லிவிடுவது நல்லது.

"எல்லாப் பள்ளிக்கும் இது பொருந்துமா?" என்று அந்த அதிகாரி கேட்டார். "பெரிய சாலையை ஒட்டிய பள்ளிகளில் மதியமும் மோசமாக இருக்கலாம். அங்கே அளக்காமல் சொல்ல மாட்டேன், சார்" என்றேன். அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் பேனாவை எடுத்தார். எந்தெந்தப் பள்ளிகளில், எப்போது அளக்க வருவீர்கள் என்று அவரே கேட்டுக் குறித்துக்கொண்டார்.