வைரஸ் கொலத்தில் ஒட்டவில்லையா? உப்பில் கை வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வீரோ கலங்களில் (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த கல வகை) இன்ஃபுளுவென்சா வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, தடுப்பூசி ஆய்வுக்காகச் சுத்திகரிக்கிறார்களாம். புரதங்களுக்குப் பாவிக்கும் அதே கியூ வகை அயன் பரிமாற்றக் கொலத்தில் (எதிர்மின்னேற்றப் பொருட்களைப் பிடிக்கும் நேர்மின்னேற்ற மணிகள் நிரப்பிய குழாய்) ஏற்றினால் வைரஸில் பெரும்பங்கு ஒட்டாமலே வெளியே வந்துவிடுகிறது. ஒட்டிய கொஞ்சமும் கலங்களின் டி.என்.ஏயோடு கலந்துதான் இறங்குகிறது. ஒட்டியதை இறக்கும் உப்பின் அளவை எப்படி மாற்றினால் சரிவரும் என்று கேட்கிறார்.

உப்பால் இது சரிவராது தங்கச்சி. சாதாரண புரதம் ஒன்று 5 முதல் 10 நானோமீற்றர், உங்கள் வைரஸ் ஏறக்குறைய 100. அந்த ரெசின் மணிகளின் துளைகளோ சில பத்து நானோமீற்றர்தான். புரதம் உள்ளே போய் மணி முழுவதையும் நிரப்பும், வைரஸுக்குக் கிடைப்பது மணியின் வெளித்தோல் மட்டும், அந்த இடம் நிரம்பியதும் மிச்சம் எல்லாம் அப்படியே ஓடிவிடும். பழைய கட்டுரைகளைப் பார்த்து ஏமாறவேண்டாம்: நெதர்லாந்தில் வான் வேசல் குழுவினர் செயலிழந்த போலியோ தடுப்பூசிக்கு ஜெல் வடிப்பும் (அளவைக் கொண்டு பிரிப்பது) அயன் பரிமாற்றமும் வைத்து அருமையாகச் செய்தார்கள், ஆனால் போலியோ வைரஸ் வெறும் 30 நானோமீற்றர்.

அடுத்தது டி.என்.ஏ. அதன் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்னேற்றம், ஆகவே கியூ மணியில் வைரஸுக்குப் போட்டியாக ஒட்டிக்கொள்ளும், இருக்கிற கொஞ்ச இடத்தையும் பிடித்துவிடும். வீரோ போன்ற, முடிவின்றிப் பெருகும் தொடர்கல வரிசைகளில் செய்யும் ஊசித் தடுப்பூசிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த டி.என்.ஏ எல்லை ஒரு டோஸுக்கு 10 நானோகிராம் என்பதால் இதை எப்படியும் தீர்க்கத்தான் வேண்டும். கொலத்துக்கு முன்பே பென்சோனேஸ் போன்ற நியூக்கிளியேஸ் நொதியால் வெட்டிவிடுங்கள். அதற்கு 1 அல்லது 2 மில்லிமோலார் மக்னீசியம் தேவை, தாங்கற்கரைசலில் ஈடிடிஏ இருந்தால் அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடும், உப்பு கூடினாலும் வேகம் குறையும்.

வெட்டிய பிறகு என்னுடைய தெரிவு கப்டோ கோர் 700 மாதிரியான மணிதான். இதன் வெளி ஓட்டில் ஒட்டும் பொருளே இல்லை, உள்ளே மட்டும்தான் இருக்கிறது. மூலக்கூற்று எடை 700 கிலோடால்டனுக்குக் குறைந்த கலப் புரதங்களும், நீங்கள் போட்ட அந்த நொதியும்கூட, உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், வைரஸ் பக்கத்தால் நழுவி வெளியே வரும். நீளமான டி.என்.ஏயும் உள்ளே போகாது என்பதால்தான் வெட்டுவதை முதலில் செய்யச் சொல்கிறேன், வரிசையை மாற்றினால் பலன் இல்லை. இந்த முறை வைரஸைச் செறிவாக்காது, அதற்கு முன்னால் குறுக்கோட்ட வடிப்பு (கரைசலைச் சவ்வின் மேலாக ஓடவிட்டு நீரை வடித்தெடுப்பது) ஒன்று வேண்டும். மணியைக் கழுவ 1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டில் 30% ஐசோபுரொப்பனோல் கலந்து விடுங்கள், வெறும் உப்பு அதில் மாட்டியதை எடுக்காது.

ஒட்டவைத்து இறக்கும் முறைதான் வேண்டும் என்றால் மணிகளில்லாமல் ஒரே துண்டாக இருக்கும் மொனோலித் அல்லது சவ்வு வகைக்குப் போங்கள். மொனோலித்தில் 1, 2 மைக்ரோமீற்றர் அளவு கால்வாய்கள் இருப்பதால் பரவலுக்காகக் காத்திருக்காமல் ஓட்டமே வைரஸை மேற்பரப்புக்குக் கொண்டுபோகும். விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

நம்மூர் வெப்பத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ட்ரிஸ் என்ற தாங்கற்கரைசலின் பி.எச். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.03 மாறும். ஏசி போடாத அறையில் 30 பாகையில் 7.5 என்று சரிபார்த்துவிட்டு 4 பாகைக் குளிர் அறையில் கொலத்தை ஓட்டினால் அங்கே அது 8.2க்குக் கிட்ட நிற்கும், ஒட்டுதலே வேறாகிவிடும். ஓட்டப்போகும் வெப்பநிலையிலேயே அளந்து சரிசெய்யுங்கள்.

புது மணி வாங்கப் பணம் கேட்கும் முன் ஒரு தடவை கணக்குப் பாருங்கள். ஏற்றியது, ஓடிவந்தது, கழுவியது, இறக்கியது, கடைசியில் 2 மோலார் உப்பில் உரித்தெடுத்தது என எல்லாவற்றிலும் செங்குருதிக் கலத் திரட்டல் சோதனை (கலங்களைத் திரளவைப்பதைக் கொண்டு வைரஸின் அளவைக் காண்பது) செய்து கூட்டுங்கள். அந்தச் சோதனை இரண்டிரண்டு மடங்காகத்தான் ஐதாக்குகிறது, ஆகவே 70 வீதமா 100 வீதமா என்று அது பிரித்துச் சொல்லாது, பாதியோ கால்பங்கோ எங்கே போனது என்று மட்டும் காட்டும். உங்கள் நிலைமைக்கு அது போதும். கூட்டுத்தொகை ஏற்றியதில் கால்வாசிகூட வரவில்லை என்றால் வைரஸ் ஒன்றோடொன்று திரண்டு கொலத்தின் தலைப்பிலேயே அடைத்து நிற்கிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன், அப்போது ஏற்றுவதற்கு முந்திய வடிப்பைத் திருத்துங்கள்.