ஹெக்ஸ் தாளில் டெல்டா அடங்காது

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஞாயிறுதோறும் ஐந்து நண்பர்களுக்கு டேபிள்டாப் ஆர்.பி.ஜி. (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே ஆடும் கதை விளையாட்டு) நடத்துகிறேன். சோழர் காலத்தை ஒட்டிய கற்பனை நாடு. முதலில் நாற்பது பக்கத்துக்குக் கதை எழுதி வைத்தேன். இரண்டாம் வாரமே ஒரு படகை வாங்கிக்கொண்டு கதையை விட்டுப் போய்விட்டார்கள். சரி, இனி அவர்கள் இஷ்டம் என்று அறுகோணக் கட்டங்கள் போட்ட ஹெக்ஸ் வரைபடத்தை விரித்து, "ஜூன் 12, மேட்டூர் திறந்தாச்சு, ஆத்துல தண்ணி வருது, எங்க வேணாலும் போங்க" என்றேன். மூன்று வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வாயே திறப்பதில்லை. பல முகப் பகடைகளும் இங்கே கைக்குக் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் இஷ்டப்படி எங்கும் போகும் ஓப்பன் வேர்ல்டு நமக்கு ஒத்துவராதா?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

ஒத்துவரும். நீங்கள் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுத் தகவலைக் கொடுக்காமல் விட்டீர்கள், அவ்வளவுதான். இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. "படுகை வழியாகப் போனால் இரண்டு நாள், திருட்டு பயம் உண்டு. ஆற்றோடு போனால் ஒரே நாள், ஆனால் துறையில் சுங்கம் கேட்பான், உங்களிடம் காசு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

முதலில் அந்த ஹெக்ஸ் தாளை எடுத்து வையுங்கள். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி.யின் 1974இல் வந்த முதல் பதிப்பு, வனப்பயணத்துக்கு வேறொரு போர்டு கேமின் அறுகோணப் பலகையைப் பயன்படுத்தச் சொன்னது. அது ஆளில்லாத காட்டுக்குப் பொருந்தும். வழக்கமான ஹெக்ஸ் ஆறு மைல், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். டெல்டாவில் அந்த அகலத்துக்குள் எத்தனை ஊர் என்று உங்களுக்கே தெரியும். இங்கே கண்டுபிடிக்க வேண்டிய நிலம் எதுவும் இல்லை. மறைந்திருப்பது மனிதர்களுக்கு நடுவே: எந்த மதகு யார் கையில், யாருக்கு யார் கடன், எந்தக் கோயில் நிலத்தை யார் உழுகிறார்.

ஆகவே புள்ளியும் கோடுமாக வரையுங்கள். காவிரியே அப்படித்தான் கிடக்கிறது. இன்றைய நிலையில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ஆறு பிரியும் இடம், துறை, சந்தை, கோயில் எல்லாம் புள்ளிகள். ஆறும் கரைவழியும் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் மேலும் எத்தனை நாள் என்று எழுதுங்கள். படகுக்குப் போகும்போது ஒன்று, எதிர்த்து வரும்போது இரண்டு. தொடக்கத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் தாராளம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி போதும்: அங்கே யார் சொல் எடுபடும், என்ன குறை, வேறு எந்த இரண்டு புள்ளிகளைப் பற்றிப் பேச்சு அடிபடுகிறது. அந்த மூன்றாவது வரியை விட்டால்தான் ஆட்டம் உட்கார்ந்துவிடும். ஒரு புள்ளியில் வேலை முடிந்ததும் அடுத்து எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது.

இடையே ஒரு திருத்தம். மேட்டூர் அணை 1934இல் வந்தது. கல்லணைக் கால்வாயும் அதே திட்டத்தின் பகுதி, அதனால்தான் இன்னும் அதைப் புது ஆறு என்கிறோம். சோழர் காலத்தில் இரண்டையும் அழித்துவிடுங்கள். தண்ணீர் வரும் தேதி அன்று எவர் கையிலும் இல்லை. மேற்கே மழை பெய்தால் ஆடியில் பெருகும். ஆட்டத்துக்கு அதுவே நல்லது. கோடையில் மணலில் நடந்தே ஆற்றைக் கடக்கலாம், படகுக்கு வேலை இல்லை. புது வெள்ளம் வந்ததும் அதே கோடு படகுவழி ஆகிறது. ஐப்பசி மழையில் கரைவழி சேறாகி நாள் இரட்டிக்கும். ஒரே வரைபடம் வருஷத்தில் மூன்று முறை மாறுவதை ஆட்டக்காரர்கள் தாமாகவே பயன்படுத்தத் தொடங்குவார்கள்.

அடுத்து, யாரும் தொடாவிட்டாலும் உலகம் நகர வேண்டும். மூன்று தரப்பு வையுங்கள்: தண்ணீரை முதலில் எடுக்கும் தலைமடைச் சபை, காய்ந்து கிடக்கும் கடைமடை ஊர்கள், நாகப்பட்டினத்துக் கடல் வணிகர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம், அதற்கு நான்கு படி. ஆட்டம் முடிந்ததும் தரப்புக்கு ஒரு முறை தாயக்கட்டை ஒன்றை உருட்டுங்கள். இரண்டோ மூன்றோ விழுந்தால் ஒரு படி ஏறட்டும். பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆக நான்கு படிக்குச் சராசரியாக எட்டு வாரம். ஆறு படி வைத்தால் மூன்று மாதம் இழுத்து எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: படி ஏறுவது நோட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஒவ்வொரு படிக்கும் கண்ணில் படும் அடையாளம் வேண்டும். சந்தையில் நெல் விலை ஏறியது, மதகில் காவல் இரட்டித்தது, நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது, இப்படி.

பகடைக் கவலை வேண்டாம், வீட்டில் இருக்கும் தாயக்கட்டை போதும். முகங்கள் வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையில் பதினாறு விதம் விழலாம். மூன்று வர நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஒன்றுக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. வழியில் யார் எதிர்ப்படுவார் என்று சொல்லும் சந்திப்பு அட்டவணை ஏழு வரியில் தயார். மூன்றில் நெல்வண்டி, பன்னிரண்டில் அரசனின் ரகசியத் தூதன். பகலுக்கு ஒரு முறை, இரவுக்கு ஒரு முறை ஒற்றைக் கட்டையை உருட்டி, வெற்று முகம் விழுந்தால் மட்டும் அட்டவணைக்குப் போங்கள். எதிரே வருபவரின் மனநிலைக்கும் இதே ஏழுதான்: ஒன்று பகை, இரண்டு முதல் நான்கு வரை சந்தேகம், ஐந்து, ஆறு நட்பு, பன்னிரண்டு வந்தால் அவர்களுக்கே உங்கள் உதவி வேண்டும். எல்லாச் சந்திப்பையும் சண்டையாக்கினால் ஆட்டக்காரர்கள் பயணத்தையே வெறுத்துவிடுவார்கள்.

நாற்பது பக்கம் இனி எழுதாதீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் எழுந்திருக்கும் முன் "அடுத்த வாரம் எங்கே?" என்று கேட்டு, சொன்ன இடத்தை மட்டும் தயார் செய்யுங்கள். பேச்சு மாறினால் சமாளிக்க இருபது பெயர், பெயரில்லாத ஓர் ஊர், ஒரு வரப்புத் தகராறு கையில் இருக்கட்டும். எந்த வழியில் போனாலும் அதே கொள்ளைக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலை மட்டும் வேண்டாம். இரண்டாவது முறையே பிடித்துவிடுவார்கள், பிறகு எந்த வழியும் ஒன்றுதான் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

முதல் நாள் மட்டும் முழுச் சுதந்திரம் தராதீர்கள். இரவில் மதகை யாரோ உடைத்துவிட்டார்கள், பழி உங்கள் ஆட்கள் மேல், சபை கூட மூன்று நாள் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

வாய் திறக்காத நண்பரிடம் பென்சிலையும் வெள்ளைத் தாளையும் கொடுத்து, ஆட்டக்காரர்களின் வரைபடத்தை அவரையே வரையச் சொல்லுங்கள். உங்களுடையதைக் காட்டாதீர்கள். எந்தக் கிளை எங்கே பிரிகிறது என்று அவர்தான் மற்றவர்களிடம் சொல்லியாக வேண்டும். வெட்டாற்றை வெண்ணாறு என்று அவர் குறித்தால் திருத்த வேண்டாம். படகு வேறு துறையில் போய் நிற்கட்டும்.