நியூரோசயின்ஸ்னு பேரு போட்ட கோர்ஸுக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி

அண்ணே வணக்கம். உங்க மெசேஜ் ராத்திரி பதினொன்றரைக்கு வந்திருக்கு, கடைய சாத்திட்டு வந்து அந்நேரத்துல உக்காந்து இவ்ளோ நீளமா டைப் பண்ணிருக்கீங்கன்னா தூக்கம் எங்க போச்சுன்னு புரியுது. நீட் மார்க் பத்தல, பாப்பா திரும்ப எழுத மாட்டேங்குது, மூளை ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது, ஒரு காலேஜ்ல பிஎஸ்சி நியூரோசயின்ஸ் சீட்டு இருக்குன்னு ஏஜென்ட் ஒருத்தர் வெள்ளிக்கிழமைக்குள்ள அம்பதாயிரம் கேக்குறாரு, இதுதானே விஷயம். மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், வெள்ளிக்கிழமை காசு கட்டாதீங்க. மத்தத பொறுமையா பேசுவோம்.

பாப்பா ஆசப்பட்டதுல தப்பே இல்ல. அது போன்ல பாத்துச்சுன்னு சொன்னீங்களே அந்த மூளை நியூஸ், அது சென்னை ஐஐடியில இருக்கிற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் 2024 டிசம்பர்ல வெளியிட்டது, தரணின்னு பேரு வெச்சாங்க. கருவுல இருக்கிற குழந்தையோட மூளை ரெண்டாவது ட்ரைமெஸ்டர்ல, அதாவது கர்ப்பத்தோட நடு மூணு மாசத்துல, எப்படி இருக்குன்னு 3டி மேப் மாதிரி போட்டிருக்காங்க, 5132 ஸ்லைஸ் வெட்டி ஸ்கேன் பண்ணி சேத்தது. கேக்க ஒரு வரிதான். ஆனா மூளைய உறைய வெச்சு, தலைமுடிய விட மெல்லிசா சீவணும், ஒவ்வொரு சீவலையும் மடங்காம கிழியாம கண்ணாடி ஸ்லைடுக்கு மாத்தணும், சாயம் ஏத்தணும், ஸ்கேனர்ல விடணும், அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி முழு மூளையா திரும்பக் கொண்டு வரணும், எது எந்தப் பகுதின்னு உக்காந்து குறிக்கணும், இதெல்லாம் ஒரே ஆளு பண்ற வேலையா சொல்லுங்க. அந்த மையத்தோட தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் யாருன்னு நெனைக்கிறீங்க, எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் புரொபசர்! கூட பேத்தாலஜி தெரிஞ்சவங்க, கரு ஸ்கேன் பாக்குற டாக்டருங்க, திசு வெட்டுற லேப் ஆளுங்க, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்கன்னு ஒரு கும்பல். பிஎஸ்சி நியூரோசயின்ஸ் படிச்சாத்தான் அந்த ரூமுக்குள்ள விடுவாங்கன்னு யாரும் சொல்லல, ஏஜென்ட்ட தவிர.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையன் என்கிட்ட வந்தான், இதே மாதிரி பேருல மயங்கி சேந்தவன்தான், எந்த காலேஜ்னு சொல்லல விடுங்க. மூணாவது வருஷம் முடிக்கப் போறான், மைக்ரோடோம்ல கை வெச்சிருக்கியாடான்னு கேட்டேன், திசு வெட்டுற மெஷின்ணே அது, படத்துல பாத்திருக்கேன் சார்னான். எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. அதுக்கு மேல இன்னொரு வம்பு, புதுசு புதுசா பேரு வெச்ச டிகிரிக்கெல்லாம் நாளைக்கு டிஆர்பி டிஎன்பிஎஸ்சி பக்கம் போனா இது ஜூவாலஜிக்கு ஈக்குவலன்ட்டா, அதுக்கு அரசாணை, ஜிஓ இருக்கான்னு கேப்பாங்க, இல்லன்னா அப்ளிகேஷன் அங்கயே நின்னுடும். அதனாலதான் டிகிரி பேரு பழசாவே இருக்கட்டும்னு நான் எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டுறேன், ஜூவாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி இந்த மாதிரி. அரசு கலைக் கல்லூரியிலயோ நல்ல எய்டட் காலேஜ்லயோ கெடைச்சா பீஸும் கையக் கடிக்காது. மூளைய அப்புறமா புடிச்சுக்கலாம், பிஎச்டி பண்ண பெங்களூர்ல நிம்ஹான்ஸ்னு மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி இருக்கு, டெல்லிக்குப் பக்கத்துல மானேசர்ல என்பிஆர்சின்னு மூளைக்குன்னே ஒரு சென்டர் இருக்கு, ஜூவாலஜி படிச்சதால வேண்டாம்னு அங்க யாரும் தொரத்த மாட்டாங்க.

இன்னொன்னும் பாப்பாகிட்ட சொல்லணும். மெடிக்கல் ரிசர்ச்னா வெள்ளை கோட்டு, மைக்ரோஸ்கோப்புன்னு மட்டும் நெனச்சுக்கிட்டிருக்கும். சென்னை சேத்துப்பட்டுல என்ஐஆர்டின்னு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, 1956ல ஆரம்பிச்சது. டிபி வந்தவங்கள சானடோரியம்ங்கிற டிபி ஆஸ்பத்திரியில படுக்க வெக்கத்தான் வேணுமா, வீட்டுலயே மாத்திரை குடுத்தா குணமாகாதான்னு அவங்க பாத்தாங்க, 1959ல ரிசல்ட் வந்துச்சு, வீட்டுல இருந்து மாத்திரை சாப்பிடுறதும் ஏறக்குறைய அதே அளவு குணப்படுத்துது, வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அதனால நோய் கூடுதலா ஒட்டலன்னு. உலகம் பூரா வைத்திய முறையே மாறுச்சு. அதுக்கு வேல செஞ்சவங்கள்ல நெறைய பேரு, சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் நின்னு மாத்திரைய எண்ணிப் பாத்தவங்க, ஒழுங்கா முழுங்குனாங்களான்னு யூரின் டெஸ்ட் எடுத்தவங்க. அதே நிறுவனம் சேந்து பண்ண ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு 2023ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, ஜார்க்கண்ட்ல 2800 நோயாளிங்க, அவங்க வீட்டு ஆளுங்க 10345 பேரு. வீட்டு ஆளுங்கள்ல ஒரு பகுதிக்கு மாசாமாசம் அரிசி பருப்பு விட்டமின் மாத்திரை குடுத்தாங்க, அவ்ளோதான், குடுத்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கம்மி! அரிசி மூட்டைய ஊர் ஊரா கொண்டு போய் சேக்குறதும் எடை மிஷின தூக்கிட்டு அலையுறதும் அங்க ரிசர்ச்தான், அப்புறம் அந்த நம்பரையெல்லாம் உக்காந்து கணக்கு பாக்குற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆளு இல்லன்னா பேப்பரே கெடையாது. பாப்பா பயோ மேத்ஸ் குரூப்னு சொன்னீங்க, மேத்ஸ்ல மார்க் நல்லாருக்குன்னும் எழுதிருக்கீங்க, அத விட்டுடச் சொல்லாதீங்கண்ணே, பயாலஜியும் கணக்கும் ரெண்டும் வர்ற புள்ளைங்க ரொம்பக் கம்மி.

சுத்துச்சூழல் பக்கம் போற ஐடியா இருந்தா பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலையோட கடல் உயிரியல் மையம் இருக்கு, வெள்ளாறு முகத்துவாரத்துலயே. சேத்துல எறங்குறது புடிக்குமான்னு மட்டும் கேட்டுக்கங்க.

இப்ப வழிக்கு வருவோம். ஐசர்னு மத்திய அரசு காலேஜ் 7 இருக்கு, நமக்குப் பக்கம்னா திருப்பதி, திருவனந்தபுரம். அஞ்சு வருஷம் பிஎஸ் எம்எஸ், உள்ள போக ஐஏடின்னு ஒரு எக்ஸாம், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் பயாலஜி நாலுலயும் 15 கேள்வி, மொத்தம் 60. சென்னை ஐஐடியில 2023ல மெடிக்கல் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்னு நாலு வருஷ பிஎஸ் ஆரம்பிச்சாங்க, அதுக்கும் இந்த ஐஏடி மார்க்தான். இந்த வருஷ எக்ஸாம் முடிஞ்சுபோச்சு, ஆனா பிளஸ் டூ முடிச்ச அடுத்த வருஷமும் எழுத விடுறாங்க, அதனால இப்ப பிஎஸ்சி சேத்துட்டு ஒரு தடவ எழுத சொல்லலாம், கெடைச்சா மாறிக்கலாம், கெடைக்கலன்னா ஒரு நஷ்டமும் இல்ல. பிஎஸ்சிலயே இருந்தாலும் ரெண்டாவது வருஷத்துல சயின்ஸ் அகாடமி சம்மர் பெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ண வெச்சிடுங்க, ரெண்டு மாசம் நெஜ லேப்ல வேல, ஸ்டைபெண்டும் குடுப்பாங்க, அங்க போயிட்டு வந்த புள்ளைங்க முகமே வேற மாதிரி இருக்கும். முடிச்சதும் ஜாம், காட்-பி (GAT-B)ன்னு இருக்கிற நுழைவுத் தேர்வுங்கள எழுதி எம்எஸ்சி.

சம்பளம் கேட்டீங்க, கேக்க வேண்டியதுதான். எம்எஸ்சி முடிச்சு நெட் எக்ஸாம்ல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை அடிச்சா மாசம் 37000, ரெண்டு வருஷம் கழிச்சு 42000, வீட்டு வாடகைக்கு தனியா. பிஎச்டி அஞ்சாறு வருஷம் இழுக்கும். பணம் மாசாமாசம் ஒண்ணாந்தேதி வராது, சில சமயம் மூணு மாசம் சேத்து வரும், அதுக்குள்ள ஹாஸ்டல் பீஸுக்கு நீங்கதான் குடுக்கணும். பொண்ணு இருபத்தெட்டு வயசு வரைக்கும் படிச்சுக்கிட்டே இருந்தா சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு நீங்க எழுதாம விட்ட விஷயமும் எனக்குத் தெரியும், அத நீங்களும் அண்ணியும் இப்பவே பேசி முடிச்சுக்கங்க, நாலாவது வருஷத்துல பேசாதீங்க. பாதியில நிறுத்திட்டு வந்த ஒரு பொண்ண நான் பாத்துருக்கேன், மனசு ஆறல இன்னும்.

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் போன் பண்ணா சண்டையெல்லாம் போடாதீங்க, லேப் பாக்க எப்ப வரலாம், மைக்ரோடோம் எத்தன இருக்கு, போன வருஷம் முடிச்சவங்க நாலு பேர் நம்பர் குடுங்கன்னு கேளுங்க போதும். ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல நான் ஃப்ரீதான், கூப்பிடுங்க, இந்த தடவ போனை பாப்பாகிட்ட குடுத்துட்டு நீங்க கடைக்கு வெளிய போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க.