இரவில் கால் வலிக்கிறது என்று அழும் பிள்ளை: எதுவரை பொறுத்திருக்கலாம்?

கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கும் தாய் ஒருவரின் கேள்வி: “என் மகனுக்கு வயது 5, எடை 18 கிலோ. மூன்று மாதங்களாக வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் தூங்கிய சிறிது நேரத்தில் எழுந்து, கால் வலிக்கிறது என்று அழுகிறான். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் அரை மணி நேரத்தில் மீண்டும் தூங்கிவிடுகிறான். காலையில் ஒன்றுமே நடவாதது போல் பாலர் பள்ளிக்கு ஓடுகிறான். எப்போதும் இரண்டு காலையும் காட்டுவான். சென்ற வாரம் இரண்டு முறை வலது முட்டியை மட்டும் காட்டினான். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலிதான், விட்டுவிடு என்கிறார் என் மாமியார். கால்சியம் குறைவு என்கிறார் பக்கத்து வீட்டு அக்காள். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா? பந்து விளையாடுவதை நிறுத்த வேண்டுமா?”

நீங்கள் விவரித்திருக்கும் வலியின் போக்கைப் பார்த்தால், உங்கள் மாமியார் சொல்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் வலது முட்டியை மட்டும் காட்டினான் என்ற ஒரு வரியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. அதனால், பதற்றம் வேண்டாம் என்றும், இந்த வாரத்திலேயே ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வளர்ச்சி வலி என்று வழக்கமாக அழைக்கப்படும் இந்தத் தொந்தரவு ஏறத்தாழ 3 வயதிலிருந்து 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வருவது. ஆஸ்திரேலியாவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், மூவரில் ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்கு இந்த வலி இருந்தது. பெயர் அப்படி இருந்தாலும், எலும்பு வேகமாக வளர்வதால்தான் வலிக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிள்ளைகள் மிக வேகமாக வளரும் கைக்குழந்தைப் பருவத்திலும் பூப்பெய்தும் பருவத்திலும் இது அவ்வளவாக வருவதுமில்லை. பகலெல்லாம் ஓடியாடியதால் தசைகளுக்கு ஏற்படும் அயர்ச்சி, மூட்டுகள் இயல்புக்கு மேல் வளையும் உடல்வாகு, வலியைச் சற்றுக் கூடுதலாக உணரும் தன்மை ஆகியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன. நாள் முழுதும் ஆடிய பிள்ளை அன்றிரவு அழுவதைப் பல பெற்றோர் கவனித்திருப்பார்கள். எந்தக் காரணமாக இருந்தாலும் பிள்ளை உணரும் வலி உண்மையானது. பள்ளிக்குப் போகாமலிருக்கவோ கவனத்தை ஈர்க்கவோ நடிக்கிறான் என்று எண்ணி அதட்டுவது சரியன்று.

இந்த வலியைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனையோ படமோ இல்லை; வலி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைக் கொண்டுதான் முடிவுக்கு வருகிறோம். மாலையிலோ இரவிலோ தொடங்கும். தொடையின் முன்புறம், கெண்டைக்கால், முழங்காலின் பின்புறம் ஆகிய தசைப் பகுதிகளில் இரண்டு கால்களிலும் இருக்கும், அல்லது ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று மாறும். சில நாள் வந்து, சில நாள் வாராமல் இருக்கும். விடிந்ததும் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். எல்லாவற்றிலும் நான் அதிகம் நம்புவது காலை நேரத்தைத்தான். படுக்கையிலிருந்து இறங்கும் முதல் பத்து அடிகளைப் பாருங்கள். விந்தாமல், காலைத் தாங்கித் தாங்கி வைக்காமல், இயல்பாக நடந்தால் அது மிக நல்ல அறிகுறி. இன்னொன்றும் உண்டு. வளர்ச்சி வலி உள்ள பிள்ளை, பிடித்துவிடச் சொல்லிக் காலை நீட்டும். எலும்பிலோ மூட்டிலோ அழற்சியோ கிருமித் தொற்றோ உள்ள பிள்ளை, தொட வரும் கையைத் தள்ளிவிடும். உங்கள் மகன் நீவிவிடக் காலைக் கொடுக்கிறான் என்பது ஆறுதலான செய்தி.

இனி அந்த வலது முட்டிக்கு வருகிறேன். சிறு பிள்ளைகள் வலிக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டத் தெரியாதவர்கள் என்பதால், இரண்டு முறை ஒரே இடத்தைக் காட்டியது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் வலி ஒரே காலில், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால் அதை வளர்ச்சி வலி என்று முடிவுகட்டக் கூடாது. அதிலும் முழங்கால் வலி என்று வரும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்; இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு, நரம்புகளின் அமைப்பினால், தொடையிலும் முட்டியிலும் வலியாக உணரப்படுவது உண்டு. பெர்த்தஸ் நோய் என்ற ஒன்று இருக்கிறது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அந்த எலும்பு நலிவடையும் நிலை அது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதில், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. தொடக்கத்தில் வலி மிகக் குறைவாகவே இருக்கும். மாலையில் இலேசாக விந்தி நடப்பதும் முட்டி வலிக்கிறது என்பதும்தான் தெரியும். உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. அவன் வயதுக்கு அதை நினைவில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறேன். மருத்துவர் அவனைப் படுக்க வைத்து, இரண்டு தொடைகளையும் மடக்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, இரு பக்கமும் சமமாக வளைகின்றனவா என்று அறிவதற்குச் சில நிமிடங்கள் போதும்.

ஆகவே எக்ஸ்ரே பற்றிய கேள்விக்கு என் பதில் இது: மூட்டுகள், முதுகு, வயிறு, தோல் எல்லாவற்றையும் முறையாகச் சோதித்து எதுவும் மாறாக இல்லையென்றால், வலியின் போக்கும் நான் மேலே சொன்னபடியே இருந்தால், எந்தப் படமும் இரத்தப் பரிசோதனையும் தேவையில்லை. வலி ஒரு பக்கமாக நிலைத்தாலோ, இடுப்பு மூட்டின் அசைவு குறைந்திருந்தாலோ படம் எடுக்க வேண்டியதுதான். பெற்றோரின் மன நிம்மதிக்காக மட்டும் பிள்ளையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவதை நான் விரும்புவதில்லை.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கவே கூடாது. காய்ச்சலுடன் பிள்ளை காலை ஊன்ற மறுத்தாலோ, ஒரு மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, அது மூட்டிலோ எலும்பிலோ கிருமித் தொற்றாக இருக்கலாம். சீழ் பிடித்த மூட்டின் குருத்தெலும்பு சில நாட்களிலேயே நிரந்தரமாகச் சேதமடையும். இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். அதேபோல, சளிக்காய்ச்சல் விட்டு வரும் வேளையில் பிள்ளை திடீரென இரு கெண்டைக்கால்களும் வலித்து, நுனிக்காலில் நடப்பது உண்டு. அது வைரஸினால் வரும் தசை அழற்சி. பெரும்பாலும் ஒரு வாரத்திற்குள் தானே சரியாகிவிடும். ஆனால் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் ஊரில் காய்ச்சலும் கால் வலியும் சேர்ந்து வந்தால் டிங்கியை மறக்கக் கூடாது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஆண்டு முழுதும் டிங்கி இருக்கிறது. டிங்கியோ என்ற ஐயம் இருக்கும்போது ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளைக் கொடுத்தால் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. வீட்டில் மீதமிருக்கும் பழைய மருந்துப் புட்டியை எடுத்து ஊற்றுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பிரின், எந்தக் காய்ச்சலானாலும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

இவற்றைவிட மெதுவாக வரும் நோய்களே பெற்றோரை ஏமாற்றக்கூடியவை. காலையில் எழுந்ததும் கால் விறைத்து, சிறிது நேரம் நடந்த பின் சரியாகிறதென்றால் சிறார் மூட்டு அழற்சியா என்று பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போகும் வலி, பகலிலும் விளையாட்டைப் பாதியில் விட்டு உட்கார வைக்கும் வலி, உடல் வெளுத்தல், காரணமின்றித் தோலில் நீலம் பாய்தல், எடை குறைதல், நெறி கட்டுதல், விட்டு விட்டு வரும் காய்ச்சல் ஆகியவை சேர்ந்தால் இரத்தப் புற்றுநோயையும் மனத்தில் கொண்டு பரிசோதிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியானது அதுவே. 2 முதல் 5 வயதில் அதிகம் காணப்படுகிறது. எலும்பு வலியே அதன் முதல் அறிகுறியாக இருப்பது உண்டு. இதை வாசிக்கும் பெற்றோரின் நெஞ்சு படபடக்கும் என்பது தெரியும். உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்த பிறகும் அறிகுறிகள் கூடினால், முன்பே பார்த்தாயிற்று என்று இருந்துவிடாமல் மறுபடியும் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் சில பாரம்பரிய வலி மருந்துகளிலும் ஜாமு எனப்படும் மூலிகை மருந்துகளிலும் ஸ்டீராய்டு கலக்கப்பட்டிருந்தது மலேசியச் சுகாதார அதிகாரிகளின் சோதனைகளில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. குடித்த மறுநாளே வலி பறந்துவிடும் என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. இரத்தப் புற்றுநோய் உள்ள பிள்ளைக்கு அது உள்ளே போனால் நோய் சில காலம் மறைந்து, கண்டறிவது தாமதமாகும். எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் இல்லாத எந்த மருந்தையும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்துவரும் நீவுதல் தொடரட்டும்; வளர்ச்சி வலிக்கு அதுவே நல்ல மருத்துவம். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். பெரியவர்களுக்கான தைல வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றிலுள்ள கற்பூரத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். தசைவலித் தைலங்களில் சேர்க்கப்படும் கோல்தேரி எண்ணெய் (விண்டர்கிரீன்) அடர்த்தியாக உள்ள புட்டியிலிருந்து ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அப்புட்டிகளைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைப்பது கட்டாயம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, முதலில் உங்கள் மணிக்கட்டில் சூடு பார்த்துவிட்டு, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். படுக்கும் முன் கெண்டைக்காலையும் தொடையின் முன்னும் பின்னும் உள்ள தசைகளையும் மெதுவாக நீட்டிப் பத்து விநாடி பிடித்து விடும் பயிற்சியை, விளையாட்டாகவே செய்யப் பழக்குங்கள். சில வாரங்களில் இரவு வலி குறைவதைப் பலர் காண்கிறார்கள்.

வலி பொறுக்க முடியாத இரவில் பாராசித்தமோல் கொடுக்கலாம். அளவை வயதைக் கொண்டு அன்றி, எடையைக் கொண்டு கணக்கிடுவதே சரி: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. 18 கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 180 முதல் 270 மில்லிகிராம். இங்கே மருந்தகங்களில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ள பாகும், 250 மில்லிகிராம் உள்ள பாகும் விற்கப்படுகின்றன; பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் தவறு நேர்வது எளிது. முதல் வகையில் 10 மில்லிலிட்டர் கொடுப்பதும், இரண்டாம் வகையில் 5 மில்லிலிட்டர் கொடுப்பதும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும்; 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. பல சளி மருந்துகளிலும் பாராசித்தமோல் கலந்திருக்கும் என்பதைப் பாருங்கள். இரவுதோறும் மருந்து தேவைப்படுகிறதென்றால், அதுவே மருத்துவரை மீண்டும் பார்ப்பதற்குப் போதுமான காரணம்.

கால்சியம் மாத்திரை வேண்டாம். இரவு கால் வலி கால்சியம் குறைவின் அடையாளம் அன்று. பால், தயிர், எலும்போடு தின்னும் நெத்திலி, தௌஃபு, முருங்கைக் கீரை ஆகியவற்றில் சிலவற்றை அன்றாடம் சாப்பிடும் பிள்ளைக்குத் தனியே தேவைப்படாது. வைட்டமின் டி பற்றிக் கேட்டிருந்தால் சற்று யோசித்திருப்பேன். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்ந்தாலும், அடுக்குமாடியில் வளர்ந்து, காரில் பள்ளி சென்று, மாலையில் கைப்பேசியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளைகளுக்கு அது குறைகிறது. கறுத்த தோலுக்கு வெயிலும் கூடுதலாக வேண்டும். கால்கள் வில்லாக வளைந்திருந்தாலோ, பிள்ளை படியேறத் தடுமாறினாலோ மருத்துவர் அதைச் சோதிப்பார். பந்து விளையாடும் உங்கள் மகனுக்கு அந்தக் கவலை குறைவு. ஆகவே விளையாட்டை நிறுத்தாதீர்கள். மருத்துவர் இடுப்பு மூட்டைச் சோதிக்கும் வரை, இந்த ஒரு வாரம் மட்டும் குதிப்பதைக் குறைத்தால் போதும்.

முதலில் அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள்; குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தேவையென்றால் அங்கிருந்தே கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். பினாங்கு வாசகர்களுக்குப் பினாங்கு பொது மருத்துவமனை இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தெந்த இரவு வலித்தது, எந்தக் கால், எவ்வளவு நேரம், அன்று பகலில் என்ன விளையாடினான் என்று ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து நடப்பதையும், மாலையில் களைத்த பிறகு நடப்பதையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கிளினிக்கில் பகல் பத்து மணிக்குத் தெரியாத விந்தல், மாலைப் பதிவில் தெரிந்துவிடும். பிறந்ததிலிருந்து எடையும் உயரமும் குறித்த சுகாதாரப் பதிவுப் புத்தகம் வீட்டில் இருக்குமே, அதையும் எடுத்துச் சென்றால், பிள்ளை தன் வளர்ச்சிக் கோட்டிலேயே வருகிறானா, இடையில் சறுக்கியிருக்கிறானா என்பதை மருத்துவர் உடனே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்.