செம்பு முதலாளிகளும் ஒரு மாநிலத்தின் நினைவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் செலவுகள் பற்றிய உங்கள் கட்டுரையில், பெருநிறுவனப் பணத்துக்கு வரம்பு கட்ட மாநிலங்கள் எடுக்கும் முயற்சிகளை நம்பிக்கையோடு குறிப்பிட்டிருந்தீர்கள். நிறுவனங்கள் தேர்தலில் வேட்பாளரோடு சேராமல் தனித்துச் செலவிடுவதும் பேச்சுரிமையே, அதைத் தடுக்கக் கூடாது என்று 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதன் பிறகு மாநிலங்கள் சட்டம் இயற்றுவது வீண் வேலை அல்லவா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயத்துக்கு மிக வலுவான சான்று மொன்டானா மாநிலம். என் நம்பிக்கைக்கும் அதுவே காரணம்.

செம்புச் சுரங்கங்களால் பெரும் செல்வரான வில்லியம் கிளார்க் 1899இல் செனட்டர் பதவிக்கு முயன்றார். அக்காலத்தில் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது என்பதால், சில பத்து உறுப்பினர்களை விலைக்கு வாங்கினாலே போதுமானதாக இருந்தது. வாக்குகளுக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட 30,000 டாலரை ஃப்ரெட் வைட்சைட் என்ற உறுப்பினர் ஹெலினா நகரில் அவையறிய வெளிப்படுத்தினார். பணத்தைக் கண்ணால் கண்ட பிறகும், அதே மாதத்தில் அதே அவை கிளார்க்கையே தேர்ந்தெடுத்தது! வாஷிங்டனில் செனட் குழு அத்தேர்வு செல்லாது என்று கண்டதும் அவர் பதவி விலகினார். ஆனால் 1901இல் மீண்டும் தேர்வாகி, முழுப் பதவிக்காலமும் இருந்தார். 1903இல் இன்னொரு செம்பு நிறுவனம், தனக்கு வேண்டிய சட்டத்தைப் பெறுவதற்காகச் சுரங்கங்களை மூடி, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வேலையில்லாமல் நிறுத்தியது. ஆளுநரும் சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் நேரில் அனுபவித்த மக்கள்தான் 1912இல் நேரடி வாக்கெடுப்பின் மூலம், வேட்பாளருக்கோ கட்சிக்கோ நிறுவனங்கள் பணம் செலவிடுவதைத் தடை செய்தார்கள். 2011 டிசம்பரில் மொன்டானா உச்ச நீதிமன்றம் இந்த வரலாற்றையே காரணமாகக் காட்டி அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜேம்ஸ் நெல்சன்கூட சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பை ஏற்கவில்லை. மேல் நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்பதுதான் அவர் நிலை. 2012 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மொன்டானா தீர்ப்பை ரத்து செய்தது. வாய்மொழி வாதம்கூடக் கேட்கப்படவில்லை. தோற்றது எனக்கு வருத்தம்தான். ஆனால் தனித்த செலவால் ஊழல் விளையாது என்ற சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பின் ஊகத்துக்கு எதிராக, ஊழலைக் கண்ணால் கண்ட ஒரு மாநிலம் கொண்டுவந்த சான்றுகளைச் செவிகொடுத்துக் கேட்கக்கூட நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆயினும் எல்லா வழியும் அடைபட்டுவிடவில்லை. பணம் யாருடையது என்று வெளிப்படுத்தச் சொல்வதை அதே சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பு எட்டு நீதிபதிகளின் ஆதரவோடு அனுமதித்தது. அந்த வழியில்தான் 2022இல் அரிசோனா வாக்காளர்கள், பெருந்தொகை செலவிடும் அமைப்புகள் இடைத்தரகர்களின் பெயரைக் காட்டித் தப்பிக்காமல், பணத்தின் மூல உரிமையாளரையே அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள்.

2025இல் மொன்டானாவில் முன்வைக்கப்பட்ட யோசனை இன்னும் ஆழமானது. நிறுவனம் என்பது மாநிலச் சட்டத்தால் பிறப்பது. அதன் அதிகாரங்களும் அச்சட்டம் வழங்குபவையே. ஆகவே பேச்சுரிமையைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக, தேர்தலில் செலவிடும் அதிகாரத்தை வழங்காமலேயே இருந்துவிடலாம் என்பது அந்த வாதம். நிறுவனம் சட்டத்தின் பார்வையில் மட்டுமே வாழும் ஒரு செயற்கைப் பிறவி என்று 1819லேயே தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எழுதியிருக்கிறார். இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 2012இல் விடை சொல்லவில்லை, ஏனெனில் அன்று அந்தக் கேள்வி அதன் முன் வைக்கப்படவே இல்லை.